பச்சை காட்டிய கூரை

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீயும் அத்தானும் நலமா? உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? சுரங்கத்து விளக்கறையில் குனிந்தே நிற்காதே என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

நேற்று எங்கள் ஆய்வு நிலையத்தில் என் தலையில் ஒரு பொறுப்பைக் கட்டிவிட்டார்கள். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் வேலையும் ஆபத்தில்லாமல் நடக்க வேண்டும், கரியும் கூடுதலாக வர வேண்டும். அதற்கு அடுத்த ஐந்து ஆண்டுகளில் எதை முதலில் ஆராய்வது என்று முடிவு செய்ய ஒரு குழு. பதினோரு பேர். நான் செயலாளர். பெரிதாக நினைத்துவிடாதே. குறிப்பெடுப்பதும் தேநீர் ஆறுவதற்குள் எல்லோரையும் உட்கார வைப்பதும்தான் வேலை.

வந்திருக்கும் கேள்விகள் நாற்பத்து மூன்று. மீத்தேனை முன்கூட்டியே வெளியே இழுப்பது, தூசியை அடக்குவது, வெட்டும் இயந்திரத்தைத் தூரத்திலிருந்து ஓட்டுவது, கூரை இறங்குவதை அளப்பது என்று நீண்டுகொண்டே போகிறது. ஆனால் ஏழு கேள்விகளுக்குத்தான் இடம். குழுவில் கீழே இறங்கி வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர், அதுவும் இருபது வருடத்துக்கு முன்னால். அதனால் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறேன். அத்தானை நிரப்பச் சொல். பதினைந்து வருடமாகச் சுரங்கக் கூரை சரியாமல் இருக்க போல்ட் அடிக்கிறவருக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிந்துவிடப் போகிறது?

பதிலைக் கையால் எழுது. போனில் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய்.

அன்புடன்,
தங்கை

ஜனவரி 19

செயலாளர் அம்மாவுக்கு அக்காவின் வணக்கம்.

நாங்கள் சுகம். முதுகு இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. விளக்கறைக்குள் போன் கொண்டு வரக் கூடாது, பொறி பறக்குமாம். பேனாவுக்குத் தடை இல்லை. காலை ஷிப்ட் இறங்கிய பிறகு, திரும்பி வந்த தலைவிளக்குகளை சார்ஜில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கேள்வித்தாளோடு உன் அத்தானை உட்கார வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"என்ன கருவி வேணும்னு கேக்குறா" என்றேன்.

"முட்டிக்கு நல்ல உறை."

"அது கருவியில்ல."

"உன் தங்கச்சிய ஒரு நாள் முட்டி போட்டு வேல பாக்கச் சொல்லு. கருவிதான்னு ஒத்துக்குவா."

அவருடைய கூட்டாளி நெட்டையும் வந்திருந்தார். உனக்குத்தான் தெரியுமே, ஆறடிக்கு மேல் உயரம். கீழே கூரை ஐந்தரை அடி. பன்னிரண்டு வருடம் குனிந்து குனிந்து, மேலே வந்தும் எந்தக் கதவைக் கண்டாலும் அவர் தலை தானாகத் தாழ்கிறது. அவரிடமும் கேட்டேன். "சாப்பாட்டுப் பைய வைக்க ஒரு எடம் வேணும்ங்க. தரையில வெச்சா தண்ணி, கல்லு மேல வெச்சா எலி" என்றார். "டேய், அவங்க பெரிய விஷயம் கேக்குறாங்க, நீ சாப்பாட்டுப் பையில நிக்கிற" என்று உன் அத்தான் அடக்கிவிட்டார். நானும் அதை எழுதவில்லை.

உன் அத்தான் முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னது இதுதான்: "கூரை போனா ஆளும் போச்சு, கரியும் போச்சு. ரெண்டும் வேற வேற இல்ல. அதனால கூரைக் காட்டி நெறைய வேணும்."

கூரைக் காட்டி நீ படத்தில் பார்த்திருப்பாய். கூரையில் துளை போட்டு, உள்ளே உயரத்தில் உறுதியான பாறையில் ஒரு பிடியைச் செருகி, அதிலிருந்து கம்பியில் ஒரு குழாயைத் தொங்கவிடுகிறார்கள். துளையின் வாயில் பச்சை தெரிந்தால் நல்லது. கூரை இறங்க இறங்கப் பச்சை உள்ளே மறைந்து மஞ்சள் வாய்க்கு வரும். சிவப்பு வந்தால் கும்பிடு போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அதை நம்பித்தான் இவர்கள் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் பதில் கிடைத்தது. "ரெண்டும் வேற வேற இல்ல" என்ற வரியைத் தலைவர் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தார். பத்தொன்பதாவது இடத்தில் கிடந்த கூரைக் காட்டிக் கேள்வி ஒரே நாளில் நான்காவது இடத்துக்கு ஏறிவிட்டது. படிக்கும் காலத்தில் நான் விடுதிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரை வந்தவர், இப்போது என் வேலையையும் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறார். என் நன்றியைச் சொல். வெட்கப்பட்டு வெளியே போய்விடுவார், அப்போதும் விடாமல் சொல்.

தங்கை

பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

உன் அத்தான் உயிரோடு, முழுசாக, பக்கத்து அறையில் தூங்குகிறார். இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நீ மற்றதைப் படி.

புதன்கிழமை அவர்கள் சாப்பிடும் இடத்தில் கூரை விழுந்தது. உன் அத்தான் தண்ணீர் எடுக்க நாலடி நகர்ந்திருந்தார். நெட்டை நகரவில்லை. உதவிக்கு ஆள் வரும் வரை நாற்பது நிமிடம் உன் அத்தான் வெறும் கையால் கல்லைத் தோண்டியிருக்கிறார். விரல் நகம் மூன்று இல்லை. நெட்டைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரி நடையில் நெட்டையின் மனைவி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கை இல்லன்னா என் புருஷன் இல்லங்க" என்று அழுதாள். நானும் அழுதேன். இவர் மட்டும் கையை உருவிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். கூரைக் காட்டி கடைசிவரை பச்சைதான் காட்டியதாம். யாராலும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாத விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பகுதியில் பதினோரு நாளைக்கு வேலை இல்லை.

நாலடி, தங்கை. ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தூங்குகிறேன்.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதல் வரியைப் பத்து முறை படித்தேன். அதை முதலில் எழுதியதற்கே உன் காலில் விழ வேண்டும். அத்தான் விரல் ஆறிவிட்டதா? சரியாகச் சாப்பிடுகிறாரா? நெட்டை அண்ணனுக்குச் செயற்கைக் கால் பொருத்தும் இடம் எங்கள் ஊரில் இருக்கிறது, விவரம் அனுப்புகிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அந்த விபத்து அறிக்கை எங்கள் குழுவுக்கும் வந்தது. பச்சை காட்டிக்கொண்டே கூரை விழுந்ததென்றால் அந்தக் கருவியால் என்ன பயன் என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, வேகமாக வெட்டும் இயந்திரத்துக்கு இடம் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் எங்கள் பொறியாளர் ஒருவர் கல்லோடு வந்த அந்தக் காட்டியைப் பிரித்துப் பார்த்தார். பாறைக்குள் இருந்த பிடி நான்கு சென்டிமீட்டர் கீழே வழுக்கியிருக்கிறது. பிடி வழுக்கினால் குழாயும் கீழே வரும், மறைந்த பச்சை மறுபடி வெளியே தெரியும். தானாக வழுக்காதாம். ஏதோ ஒரு கனம் பல நாள் இழுத்திருக்க வேண்டும் என்கிறார்.

அங்கே எதையாவது, ஒரு பை மாதிரி, அதில் மாட்டுவார்களா? அத்தானைக் கேட்டு எழுது.

தங்கை

ஏப்ரல் 18

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விளக்கறைக்கு வெள்ளையடித்தார்கள், எல்லாவற்றையும் வெளியே எடுத்து உள்ளே வைத்தோம். உன் அத்தான் விரலில் நகம் முளைக்கிறது. நெட்டை வீட்டுக்கு வந்துவிட்டார். நீ சொன்ன இடத்தில் அளவெடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நெட்டையின் மனைவி நன்றி சொல்ல வருகிறாள். போன வாரம் இவருக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தாள். அவள் குரல் வாசலில் கேட்டதும் இவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவள் போகும் வரை குளித்தார். ஒரு மனிதன் ஒன்றரை மணி நேரம் குளிப்பானா?

பையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பை நன்றாக இருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. பை நன்றாக இருப்பதில் சந்தோஷம்.

நான் இனி எதையும் கேட்கப்போவதில்லை. தகவலை மட்டும் சொல்லிவிடுகிறேன். மே 30 அன்று ஓட்டெடுப்பு. கூரைக் காட்டியை எல்லோரும் கைகழுவிவிடுவார்கள் போலிருக்கிறது. ஏற்கெனவே பொருத்தியிருக்கும் ஆயிரக்கணக்கான காட்டிகள் அப்படியே தொங்கும், யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர் சொல்லாமல் அதை நிறுத்த என்னால் முடியாது.

சொல்கிறவரிடமிருந்து போல்ட் அடிப்பதற்கான சான்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அத்தான் எனக்கு அத்தான் மட்டும் இல்லை என்று உனக்கே தெரியும். அவர் எந்த முடிவெடுத்தாலும் நான் அவர் பக்கம்தான்.

தங்கை

மே 12

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

நலம் அறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கல்யாணத்துக்கு முன்பு உன் அக்காவுக்கு ஒன்று எழுதினேன், அதில் இருந்த பிழைகளை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். நீ அப்படிச் செய்ய மாட்டாய்.

பை மாட்டினோம். நானும் நெட்டையும். காட்டியின் அடியில் ஒரு வளையம் இருக்கிறது. தரையில் தண்ணீர், கல் மேல் எலி. வளையம் கைக்கு வாகாக இருந்தது. இரண்டு சாப்பாட்டுப் பை, இரண்டு தண்ணீர்ப் புட்டி, ஐந்து மாதம். சுற்றிப் பார்க்க வந்த அதிகாரியும் ஒரு நாள் அதில் தன் கோட்டைக் கழற்றி மாட்டினார். அதைச் சொல்லித் தப்பிக்க நான் பார்க்கவில்லை.

உன் அக்காவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தது வேறு. ஜனவரிக் கடைசியில் அந்தக் காட்டியில் மஞ்சள் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன், திரும்பவும் பச்சை. அப்பாடா என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். இறங்கின கூரை மறுபடி ஏறாது என்று எனக்குத் தெரியாதா? பதினைந்து வருடம் அதற்கு போல்ட் அடித்தவன் நான். மஞ்சள் என்று சொன்னால் வேலை நிற்கும். பச்சை வந்தது வசதியாக இருந்தது, நம்பிவிட்டேன்.

போன திங்கட்கிழமை நெட்டையிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு பேர் பையும்தானடா தொங்குச்சு. நீ மட்டும் ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கிற?" என்றான். மஞ்சளைப் பற்றிச் சொன்னேன். போர்வையைக் கால் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு "தோண்டுனதும் நீதான்" என்றான். அவன் மனைவி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போனாள், திரும்ப வரவில்லை.

மறுநாள் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். இதையும் உன் கூட்டத்தில் படி. இனி நான் குளியலறையில் ஒளிய வேண்டியதில்லை, தண்ணீராவது மிச்சம். நீ கேட்காமல் விட்டாய் பார், அதற்கு நன்றி. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

உன் அத்தான்

ஜூன் 8

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதைக் கூட்டத்தில் படித்தேன். "பச்சை வந்தது வசதியாக இருந்தது" என்ற இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். தலைவர் வாங்கி மீதியைப் படித்தார். முடித்ததும், கீழே வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர் என்று அக்காவுக்கு எழுதினேனே, அவர்களில் ஒருவர் கை தூக்கினார். "நாங்க மீத்தேன் மானி மேல ஈரக் கையுறைய காயப் போடுவோம். பெட்டி சூடா இருக்கும்" என்றார். இருபது வருடமாக இந்தத் துறையில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவர், அன்றுதான் இதைச் சொல்கிறார். அதன்பின் ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், என் குறிப்பேடு போதவில்லை.

வேக இயந்திரம் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஆறாவதாக. கூரைக் காட்டி இரண்டாவது. முதல் இடத்தில் இருப்பது அந்த நாற்பத்து மூன்றில் இல்லாத புதுக் கேள்வி: கீழே பொருத்தும் ஒவ்வொரு கருவியையும் அங்கு வேலை செய்கிறவர்கள் வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள், ஏன், அதைப் பயமில்லாமல் அவர்கள் சொல்ல என்ன வழி? ஓட்டு, ஒன்பதுக்கு இரண்டு.

நெட்டை அண்ணன் ஜனவரியிலேயே பை வைக்க இடம் கேட்டார். அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கியதில் நானும் சேர்த்திதான். அக்கா எழுதிய பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மேலாளர் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுதுங்கள்.

தங்கை

ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

அவர் எழுத மாட்டார், நான் எழுதுகிறேன். செப்டம்பர் கடைசி வரை சான்று கிடையாது. அதுவரை மேலேதான் வேலை. எங்கே போட்டார்கள் தெரியுமா? விளக்கறையில், எனக்குக் கீழே. விளக்கு துடைக்கிறார். ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று நேற்று திருப்பிக் கொடுத்தேன். "வீட்லயும் நீ, இங்கயும் நீயா?" என்றார். பல மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒவ்வொரு போல்ட் இடத்திலும் பை மாட்ட இப்போது தனிக் கொக்கி வந்துவிட்டது. ஆனால் பைகளைச் சோதனையும் போடுகிறார்கள், வரிசையில் நிற்கும் ஆட்களுக்கு எரிச்சல். விளக்கு வாங்க ஜன்னலுக்கு வருகிறவர்கள் இவர் நீட்டினால் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போல்ட் வேலை தனியாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் துளை போட, ஒருவர் கூரையைப் பார்க்க வேண்டும். சான்று திரும்பி வந்தாலும் இவரோடு யார் இறங்குவார்கள்? அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் இப்போது அந்தக் கேள்விதான் உட்கார்ந்திருக்கிறது.

நெட்டையின் மனைவி வருவதில்லை. நான் கடையில் பார்த்தேன், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தான் எழுதியதைப் பெயரில்லாமல் அச்சிட்டு எல்லாச் சுரங்கங்களுக்கும் அனுப்பினோம். இதுவரை ஐம்பத்தெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பையை மாட்டியவர்கள், எச்சரிக்கை மணியில் சத்தம் வராமல் துணி சுற்றியவர்கள், மஞ்சளைப் பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள். ஏழு இடங்களில் போய்ப் பார்த்ததில் இரண்டு காட்டிகள் வழுக்கியிருந்தன. பச்சைக்குக் கீழே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டு வந்து கூரையைச் சரிசெய்திருக்கிறார்கள்.

பாதிக் கடிதங்கள், முதலில் சொன்ன அந்த ஆளுக்கு எங்கள் வணக்கம் என்று தொடங்குகின்றன. எல்லாவற்றையும் நகலெடுத்து அனுப்புகிறேன். அவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டு.

தங்கை

அக்டோபர் 11

என் செல்லத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். ஐம்பத்தெட்டையும் படித்துக் காட்டினேன். பன்னிரண்டாவதில் போதும் என்றார், நான் நிறுத்தவில்லை.

ஒன்றாம் தேதி சான்று வந்தது. யார் யாரோடு இறங்குகிறார்கள் என்று எழுதும் பலகையில் இவர் பெயர் ஒரு வாரம் தனியாகவே இருந்தது. ஜோடி கிடைக்கும் வரை மேலே இருங்கள் என்றார் மேற்பார்வையாளர். இவர் போய் விளக்குத் துடைத்தார். நான் திருப்பிக் கொடுக்கும்படி ஒரு விளக்கும் இல்லை, அவ்வளவு சுத்தம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெட்டையின் மனைவி வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. இவரும் எழுந்து நின்றார்.

"நன்றி சொல்ல வரல" என்றாள். "கோவம் இன்னும் இருக்கு. எப்பப் போகும்னு எனக்கே தெரியாது."

"இருக்கட்டும்மா" என்றார் இவர்.

"என் தம்பி நாலு வருஷமா வேற சுரங்கத்துல போல்ட் அடிச்சவன். இங்க மாத்திக்கிட்டு வந்திருக்கான். திங்கக்கெழமலேர்ந்து கீழ எறங்குறான். அவன உங்க கூடப் போடச் சொல்லி மேற்பார்வையாளர்கிட்ட சொல்லிட்டு வரேன்."

இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "என் கூடயா?" என்றார்.

"வேற யார நம்பி அனுப்புவேன்? எல்லார் கண்ணுக்கும்தான் மஞ்சள் தெரியுது. வாயத் தொறந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். இனிமே மஞ்சளப் பாத்தா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. எனக்கு அது போதும்."

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படி இறங்கும்போது என் கையை மட்டும் ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

உன் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். கூரை விழுந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். தங்கை, இத்தனை நாள் எனக்கு நன்றி சொல்ல ஆள் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது, ஆனால் அவளிடம் சொன்னால் திட்டுவாள்.

திங்கட்கிழமை காலை உன் அத்தானும் அவள் தம்பியும் சேர்ந்து ஜன்னலுக்கு வந்தார்கள். நான்தான் விளக்கு எடுத்துக் கொடுத்தேன்.

உன் அக்கா